ஆவண மரம் மரமாகவே நீடிக்கும் என்று நிரூபிப்பது எப்படி?

ஒரு வலைப்பக்கத்தில் பெரிய பெட்டி ஒன்றும், அதற்குள் சிறிய பெட்டி ஒன்றும் இருப்பதாகக் கொள்வோம். பக்கத்தோடு சேர்ந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட் நிரல், பெரிய பெட்டியை எடுத்து அந்தச் சிறிய பெட்டிக்குள் வைக்கும்படி உலாவிக்குக் கட்டளையிடுகிறது. கையால் தொடக்கூடிய பெட்டிகளில் இது நடக்கவே முடியாது. கணினியின் நினைவகத்திலோ இதைத் தடுக்கும் இயற்கை விதி எதுவும் கிடையாது. அங்கே பெட்டி என்பது ஒரு முகவரி. “இதற்குள் அது இருக்கிறது” என்பது ஒரு முகவரிக்குப் பக்கத்தில் இன்னொரு முகவரியை எழுதி வைப்பது. எந்த முகவரியையும் எதற்குப் பக்கத்திலும் எழுதிவிடலாம்.

உலாவி இந்தக் கட்டளையை ஏற்பதில்லை. படிநிலை மீறப்படுகிறது என்ற பிழையை எழுப்பிவிட்டு, பக்கத்தை இருந்தபடியே விட்டுவிடுகிறது. அப்படி மறுக்காமல் போனால், பெரிய பெட்டி தன் பழைய இடத்திலிருந்து பிடுங்கப்பட்டுச் சிறிய பெட்டிக்குள் போகும். சிறிய பெட்டியோ ஏற்கெனவே பெரியதற்குள் இருக்கிறது. இரண்டும் பக்கத்திலிருந்து அறுந்து, தங்களுக்குள் ஒரு வளையமாகிவிடும். அதன் பின் “இதற்கு மேலே எது, அதற்கு மேலே எது” என்று வேரைத் தேடி ஏறும் எந்த நிரலும் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே மறுப்பு அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இத்தகைய கட்டளைகளில் ஒன்றுகூடத் தப்பவில்லை என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது? சிலவற்றைக் கொடுத்துப் பார்த்து மனநிறைவு அடையலாம். அல்லது, வடிவியல் தேற்றம் ஒன்றை நிரூபிப்பதுபோல் ஐயத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கலாம். இந்த இரண்டாம் வழிக்கு முறைசார் சரிபார்ப்பு என்று பெயர். உலாவியின் ஆவண அமைப்புக்கு அதை எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். எச்டிஎம்எல் குறிகளை ஓரளவு பார்த்திருந்தால் போதும். தருக்கவியல் முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை.

உலாவி ஒரு பக்கத்தைப் பெற்றதும், அதிலுள்ள எழுத்துக் குறிகளை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்வதில்லை. அவற்றைப் படித்து, நினைவகத்தில் ஓர் அமைப்பாகக் கட்டிக்கொள்கிறது. தலைப்பு, பத்தி, படம், பத்திக்குள் இருக்கும் உரை என ஒவ்வொன்றும் ஒரு கணு. ஒரு கணுவுக்குள் அடங்கியவை அதன் சேய்கள். அவற்றைத் தாங்குவது பெற்றோர்க் கணு. எல்லாவற்றுக்கும் மேலே வேராக ஆவணக் கணு நிற்கிறது. இந்த அமைப்பையும், அதைப் படிக்கவும் மாற்றவும் ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொடுக்கப்பட்டுள்ள கட்டளைகளையும் சேர்த்து ஆவணப் பொருள் மாதிரி என்றும், சுருக்கமாக டாம் என்றும் அழைக்கிறோம். நாம் ஒரு பொத்தானை அழுத்தியதும் பக்கத்தின் ஒரு பகுதி மட்டும் மாறுகிறது என்றால், ஏதோ ஒரு நிரல் இந்த மரத்தில் ஒரு கணுவைச் சேர்த்திருக்கிறது, நீக்கியிருக்கிறது அல்லது இடம் மாற்றியிருக்கிறது என்று பொருள்.

இதை மரம் என்று சொல்லிப் பழகிவிட்டதால், அது இயல்பாகவே மரமாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நினைவகத்தில் இருப்பதோ சுட்டிகளின், அதாவது ஒன்றுக்குப் பக்கத்தில் எழுதி வைத்த இன்னொன்றின் முகவரிகளின், கூட்டம். அந்தக் கூட்டம் மரவடிவில் இருப்பது, அதைத் தொடும் ஒவ்வொரு கட்டளையும் ஒவ்வொரு முறையும் காப்பாற்ற வேண்டிய வாக்குறுதி. ஆயிரம் கட்டளைகள் ஒழுங்காக நடந்து, ஆயிரத்தோராவது கட்டளை தவறினால், மரம் போய்விட்டது. இந்த ஒரு கருத்து மனத்தில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் கணிதம் முழுவதும் அதன் விரிவுரையாகவே தோன்றும்.

அந்த வாக்குறுதி எழுத்தில் எங்கே இருக்கிறது? டாமின் முதல் நிலைத் தரநிலையை, வலைக்கான தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 அக்டோபர் 1 அன்று வெளியிட்டது. இரண்டாம் நிலை 2000-இலும், மூன்றாம் நிலை 2004-இலும் வந்தன. இப்போது உலாவி உருவாக்குநர்கள் அமைத்த வாட்விஜி என்ற குழு, முற்றுப்பெறாமல் தொடர்ந்து திருத்தப்படும் தரநிலையாக அதைப் பேணிவருகிறது. 2019-இல் இரு அமைப்புகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி அதுவே அடிப்படை ஆவணம். நம் நோக்கில் முக்கியமானது நடை மாற்றம். பழைய தரநிலைகள் ஒவ்வொரு கட்டளையின் விளைவையும் விளக்க உரையாகச் சொல்லின. இன்றைய தரநிலை, “முதலில் இதைச் சோதிக்கவும், பொருந்தாவிட்டால் இந்தப் பிழையை எழுப்பவும், அடுத்து இதைச் செய்யவும்” என்று எண்ணிட்ட படிகளாகச் சொல்கிறது. கணிதமாக மாற்ற முயல்பவருக்கு இது பெரிய உதவி; படிகள் ஏற்கெனவே பிரிந்து கிடக்கின்றன.

சோதித்துப் பார்ப்பதே போதாதா என்ற கேள்வி நியாயமானது. உலாவி உருவாக்குநர்கள் அனைவரும் பகிர்ந்துகொள்ளும் பெரிய சோதனைத் தொகுப்பு ஒன்று உண்டு; அது ஆண்டுதோறும் எண்ணற்ற வழுக்களைப் பிடித்துக் கொடுக்கிறது. அதன் மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் ஒரு கணக்கைப் பார்ப்போம். சேய்களின் வரிசையைக் கருத்தில் கொண்டால், 10 கணுக்களைக் கொண்டு 4,862 வெவ்வேறு மரவடிவங்களை அமைக்கலாம். கணுக்கள் 20 ஆனால் வடிவங்களின் எண்ணிக்கை 176 கோடியே 72 லட்சத்து 63 ஆயிரத்து 190 ஆகிவிடுகிறது. இருபது கணுக்கள் என்பது மிகச் சிறிய பக்கம். சாதாரணப் பக்கங்களில் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் கணுக்கள் இருக்கும். இவ்வளவுக்கும் இது வடிவங்களை மட்டும் எண்ணிய கணக்கு. ஒவ்வொரு வடிவத்திலும் எந்தக் கணுவை எடுத்து எங்கே வைப்பது, அதற்கு முன் என்னென்ன நடந்தன என்பவற்றையும் சேர்த்தால் எண்ணுவதற்கே பொருளில்லை. நிரூபணம் இந்த எண்ணிக்கையை எதிர்கொள்வதே இல்லை. முக்கோணத்தின் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்று காட்ட நாம் முக்கோணங்களை வரைந்து அளப்பதில்லை அல்லவா? அதுபோல் “எந்த மரமானாலும்” என்று தொடங்கி, மரம் எது என்று தெரியாமலே முடிவுக்கு வருகிறது.

முறைசார் சரிபார்ப்புக்கு முதலில் தேவைப்படுவது கணித மாதிரி. ஆவண அமைப்புக்கான மாதிரி வியக்கத்தக்க அளவு எளிமையானது. நினைவகம் என்பது ஒரு சார்பு: சுட்டியைக் கொடுத்தால் கணுவைத் தரும். ஒவ்வொரு கணுவிடமும் அதன் சேய்களுடைய சுட்டிகள் வரிசையாக ஒரு பட்டியலில் இருக்கும். பெற்றோர் யார் என்பதைத் தனியாக எழுதி வைக்க வேண்டியதில்லை. எந்தக் கணுவின் பட்டியலில் நான் இருக்கிறேனோ அதுவே என் பெற்றோர். உண்மையான உலாவிகள் வேகத்துக்காகப் பெற்றோரின் முகவரியையும் ஒவ்வொரு கணுவிலும் எழுதி வைக்கின்றன. மாதிரியில் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதினால், இரண்டும் ஒத்துப்போகின்றன என்று தனியாக ஒரு நிரூபணம் தேட வேண்டி வரும்.

அடுத்து, மரம் என்ற சொல்லால் நாம் உணர்த்த நினைப்பதை விட்டுப்போகாமல் எழுத வேண்டும். எந்தப் பட்டியலிலும் இருக்கும் ஒவ்வொரு சுட்டியும் நினைவகத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு கணுவைக் காட்ட வேண்டும். எந்தச் சுட்டியும் ஒரே பட்டியலில் இரண்டு முறையோ, இரண்டு பட்டியல்களிலோ வரக்கூடாது. வந்தால் அந்தக் கணுவுக்கு இரண்டு இடங்கள் இருப்பதாகிவிடும். எந்தக் கணுவிலிருந்து தொடங்கிச் சேய், சேயின் சேய் என்று இறங்கினாலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரக்கூடாது. இவற்றோடு, ஒவ்வொரு கணுவும் ஏதேனும் ஓர் ஆவணத்துக்கு மட்டும் உரியதாக இருக்க வேண்டும். இந்த நான்கும் சேர்ந்தால் ஒழுங்கான நினைவகம். எந்தக் கட்டளைக்குப் பிறகும் இவை மாறாமல் நிற்க வேண்டும் என்பதால் இவற்றை மாறாப்பண்புகள் என்கிறோம். என் பார்வையில், இந்தத் துறையின் உண்மையான உழைப்பு நிரூபிப்பதைக் காட்டிலும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பண்பை எழுத மறந்தால், பின்னால் செய்யும் நிரூபணம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், அது மறந்த பண்பைக் காக்காது.

மாறாப்பண்புகளை எழுதிய பின் நிரூபணத்தின் போக்கு பள்ளியில் படித்த கணிதத் தொகுத்தறிதல்தான். தொடக்கத்தில் சேய்களே இல்லாத வெற்று ஆவணம் இருக்கிறது. அதில் நான்கு பண்புகளும் தாமாகவே பொருந்துகின்றன. இனி ஒவ்வொரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, “கட்டளைக்கு முன் நினைவகம் ஒழுங்காக இருந்தால், கட்டளைக்குப் பின்னும் ஒழுங்காகவே இருக்கும்” என்று காட்டிவிட்டால் போதும். அதன் பின் நிரல் எவ்வளவு நீளமானதாக இருந்தாலும், கட்டளைகளை எந்த வரிசையில் கொடுத்தாலும், மரம் மரமாகவே இருக்கும். நிரலை எழுதியவர் கவனமற்றவராகவோ தீய எண்ணம் கொண்டவராகவோ இருக்கலாம். தேற்றத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

இதை ஒரு கட்டளைக்கேனும் முழுதாகச் செய்து பார்த்தால்தான் சுவை புரியும். “பெற்றோர் ப-வின் பட்டியலில், சேய் ச-வுக்கு முன்னால், கணு க-வைச் செருகு” என்ற கட்டளையை எடுத்துக்கொள்வோம். ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோர் இதை இன்செர்ட் பிஃபோர் என்ற பெயரில் அறிவார்கள். தரநிலை சொல்லும் படிகளை நமக்குத் தேவையான அளவுக்குச் சுருக்கினால் இப்படி வரும். க என்பது ப-வாகவோ ப-வின் மூதாதையாகவோ இருந்தால் பிழையை எழுப்பி நிறுத்த வேண்டும். ச என்பது ப-வின் சேயாக இல்லாவிட்டாலும் பிழையை எழுப்பி நிறுத்த வேண்டும். இரண்டு சோதனைகளையும் கடந்தால், க-வை அது முன்பு இருந்த பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, ப-வின் பட்டியலில் ச-வுக்கு முன்னால் எழுத வேண்டும்.

வளையம் உருவாகாது என்பதை முதலில் காட்டுவோம். கட்டளை முடிந்த பின் ஒரு வளையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கட்டளைக்கு முன் வளையம் எதுவும் இல்லை. நீக்கும் படி இணைப்புகளைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. புதிதாக வந்த இணைப்பு ஒன்றே ஒன்றுதான், அது ப-விலிருந்து க-வுக்குப் போகும் இணைப்பு. ஆகவே அந்த வளையம் இந்தப் புதிய இணைப்பின் வழியாகத்தான் சென்றாக வேண்டும். வளையத்தின் மீதிப் பகுதி க-வில் தொடங்கி, சேய்களின் வழியாக இறங்கி, ப-வில் முடிகிறது; அந்தப் பகுதியில் உள்ள இணைப்புகள் அனைத்தும் கட்டளைக்கு முன்பே இருந்தவை. அப்படியானால் க என்பது ப-வாகவே இருந்திருக்க வேண்டும், இல்லையேல் ப-வின் மூதாதையாக இருந்திருக்க வேண்டும். இரண்டையும் முதல் சோதனை மறுத்திருக்கும். ஆகவே வளையம் இருக்க முடியாது. கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த பெட்டிப் புதிர் இத்துடன் தீர்ந்தது; இரண்டு பெட்டிகளுக்கு மட்டுமன்றி, எத்தனை அடுக்குப் பெட்டிகளுக்கும் சேர்த்தே தீர்ந்தது.

ஒரு கணு இரண்டு இடங்களில் இருக்காது என்ற பண்பு இன்னும் எளிது. கட்டளைக்கு முன் க அதிகபட்சம் ஓரிடத்தில்தான் இருந்தது. அந்த இடத்திலிருந்து நீக்கிவிட்டதால் இப்போது எங்கேயும் இல்லை. புதிதாக ஓரிடத்தில் எழுதியதால் மறுபடியும் ஒரே இடம். முன்பிருந்த ஒழுங்கை இந்த வாதம் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். க முன்பே இரண்டு இடங்களில் இருந்திருந்தால், ஒன்றிலிருந்து நீக்குவது போதாது. ஒரு கட்டளை தரும் ஒழுங்கின் மேல்தான் அடுத்த கட்டளையின் நிரூபணம் நிற்கிறது.

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. க-வை நீக்கிய பின், ப-வின் பட்டியலில் ச-வுக்கு முன்னால் அதை எழுத வேண்டும். அதற்கு ச அந்தப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இருக்கிறதா? இரண்டாம் சோதனை அதை உறுதி செய்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் அந்தச் சோதனை நடந்தது க-வை நீக்குவதற்கு முன்னால். இடையில் பட்டியல் மாறியிருக்கலாம். மாறியது எது? க மட்டும் போயிருக்கிறது. ஆகவே ச என்பது க-விலிருந்து வேறானதாக இருந்தால் இன்னும் அங்கேயே இருக்கும். ச-வும் க-வும் ஒன்றாகவே இருந்தால்? அதாவது, “இந்தக் கணுவை இந்தக் கணுவுக்கு முன்னாலேயே செருகு” என்று யாரேனும் கட்டளையிட்டால்? நாம் சுருக்கி எழுதிய படிகள் இங்கே தடுமாறுகின்றன. எழுத வேண்டிய இடத்தைக் காட்டும் அடையாளக் கல்லையே பிடுங்கிவிட்டோம். காகிதத்தில் எழுதும் மனிதர் “யார் இப்படிக் கட்டளையிடப் போகிறார்கள்” என்று கடந்துபோகக்கூடும். நிரூபணமோ இந்த இடத்தில் நின்றுவிடும். அந்த ஒரு நிலையைத் தீர்க்காமல் அடுத்த வரிக்கு நகராது.

உண்மையான தரநிலையில் இதற்கென்று ஒரு படி இருக்கிறது. நான் மேலே வேண்டுமென்றே அதை விட்டுவிட்டேன். ச-வும் க-வும் ஒன்றாக இருந்தால், ச-வுக்குப் பதிலாக க-வுக்கு அடுத்திருக்கும் உடன்பிறப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்தப் படி சொல்கிறது. அடுத்து யாரும் இல்லையென்றால் பட்டியலின் கடைசியில் சேர்த்தால் போதும். அடுத்த உடன்பிறப்பு க-வாக இருக்க முடியாது, ஏனெனில் பட்டியலில் எந்தச் சுட்டியும் இரண்டு முறை வருவதில்லை என்பது மாறாப்பண்பு. எனவே க-வை நீக்கிய பின்னும் அது அங்கேயே இருக்கும். நிரூபணம் நிறைவு பெறுகிறது. முதல் முறை தரநிலையைப் படிப்பவருக்குத் தேவையற்ற அலங்காரம்போல் தோன்றும் அந்த ஒற்றை வரி இல்லாவிட்டால் தேற்றமே இல்லை. ஒரு படி ஏன் இருக்கிறது என்ற கேள்விக்கு நிரூபணத்தைவிடத் தெளிவாகப் பதில் சொல்லும் வேறொன்றை நான் அறியேன்.

மரத்துக்குள் மரம் ஒளிந்திருக்கும் இடங்களும் உண்டு. ஒரு கணுவோடு நிழல் மரம் என்ற தனி மரம் ஒன்றை இணைத்து வைக்கலாம். பயனர் காணும் பொத்தான், நாட்காட்டி போன்ற கூறுகளின் உள்ளமைப்பை மற்ற நிரல்களின் கண்ணில் படாமல் தனியாக வைக்க இது பயன்படுகிறது. நிழல் மரத்தின் வேர், அதைத் தாங்கும் கணுவின் சேய்ப் பட்டியலில் இருப்பதில்லை. வேறொரு இணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது. இப்போது தாங்கும் கணுவை எடுத்து அதன் நிழல் மரத்துக்குள்ளேயே வைக்கச் சொன்னால், சேய்ப் பட்டியல்களை மட்டும் பார்க்கும் சோதனை அதைக் கண்டுபிடிக்காது, வளையம் உருவாகிவிடும். இதனால்தான் தரநிலை மூதாதை என்ற சொல்லையே விரித்து, தாங்கும் கணுக்களையும் உள்ளடக்கிச் சோதிக்கச் சொல்கிறது. பின்னால் நகலெடுத்துப் பயன்படுத்துவதற்காக ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கும் வார்ப்புருக் கணுவின் உள்ளடக்கத்துக்கும் இதே நிலை. நம் நிரூபணத்தில் செய்ய வேண்டிய மாற்றம் சிறியது. இணைப்பு என்ற சொல்லுக்குள் இந்தப் புதிய வகையையும் சேர்த்துக்கொண்டால், மேலே சொன்ன வாதம் வரிக்கு வரி அப்படியே நிற்கிறது.

மரத்தில் தொங்காத கணுக்களையும் மறந்துவிடக் கூடாது. ஒரு கணுவை உருவாக்கி இன்னும் எங்கும் சேர்க்காத நிலையிலும், நீக்கிவிட்டு இன்னும் வேறிடத்தில் வைக்காத நிலையிலும், அது எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆயினும் அது ஓர் ஆவணத்துக்கு உரியதுதான். மாதிரியில் இதற்கு நேர்த்தியான வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆவணமும் தனக்குரிய தொங்காத கணுக்களின் பட்டியலை வைத்துக்கொள்ளும். ஆவணக் கணுவும் நிழல் மரத்தின் வேரும் தவிர்த்த ஒவ்வொரு கணுவும், ஒன்று ஏதோ ஒரு சேய்ப் பட்டியலில் இருக்கும், இல்லையேல் ஏதோ ஓர் ஆவணத்தின் தொங்காதவை பட்டியலில் இருக்கும். இரண்டிலும் இருக்காது, இரண்டுக்கும் வெளியேயும் இருக்காது.

மரத்தைக் காப்பதோடு சரிபார்ப்பு முடிந்துவிடுவதில்லை. அடையாளப் பெயரைக் கொடுத்துக் கணுவைத் தேடும் கட்டளை, அந்தப் பெயருள்ள கணுக்கள் பல இருந்தால், மரவரிசையில், அதாவது அவை பக்கத்தில் எழுதப்படும் வரிசையில், முதலில் வருவதைத் தர வேண்டும் என்பது விதி. அதற்கான தேற்றம், திரும்பி வரும் கணுவுக்கு அந்தப் பெயர் இருக்கிறது, அது அந்த மரத்தைச் சேர்ந்தது, அதற்கு முன்னால் அதே பெயருடைய வேறு கணு இல்லை என்பவற்றை ஒன்றாகச் சொல்லும். இவற்றுக்கும் முன்னால் தேடல் ஒருநாள் முடியும் என்றே காட்டியாக வேண்டும்; வளையம் இல்லை என்ற பண்பு இங்கே மீண்டும் கைகொடுக்கிறது.

இத்தகைய வாதங்களை எழுதும் முறைக்கு அடித்தளம் இட்டவர் கணினி அறிஞர் டோனி ஹோர். ஒரு நிரல்துண்டுக்கு முன் எது உண்மை, பின் எது உண்மை என்று இரண்டு கூற்றுகளை இருபுறமும் வைத்து, நிரலைப் பற்றிக் கணிதமாகப் பேசும் முறையை அவர் 1969-இல் வெளியிட்டார். ஆவண மரத்துக்கு அதைப் பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது: பெரிய பக்கத்தில் ஒரே ஒரு கணுவைத் தொடும் கட்டளைக்காகப் பக்கம் முழுவதையும் முன்கூற்றிலும் பின்கூற்றிலும் எழுத வேண்டுமா? தொடும் பகுதியை மட்டும் பேசினால் போதும், தொடாத பகுதி தானாகவே மாறாமல் இருக்கும் என்று தருக்கமே உத்தரவாதம் தரும் வழியைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். ஃபிலிப்பா கார்ட்னரும் அவருடைய சகாக்களும் 2008-இல் இந்த உள்ளிடச் சிந்தனையை டாமுக்குப் பொருத்தி, அதன் சிறிய ஆனால் முக்கியமான பகுதி ஒன்றுக்கு முறைசார் விவரிப்பை எழுதிக் காட்டினார்கள்.

கைப்பட எழுதிய நிரூபணத்திலும் மனிதக் கவனக்குறைவு புகலாம். அதற்காகவே நிரூபண உதவி மென்பொருள்கள் இருக்கின்றன. இவை நிரூபணத்தைக் கண்டுபிடிக்க ஓரளவு உதவும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு அடியும் தருக்க விதிகளின்படி செல்லுமா என்று சோதிக்கும். அகிம் புரூக்கரும் மைக்கேல் ஹெர்ஸ்பெர்கும் 2018-இல் டாமின் மையப் பகுதியை இசபெல் என்ற இத்தகைய மென்பொருளில் எழுதினார்கள். மேலே சொன்ன மாறாப்பண்புகளும் தொங்காத கணுக்களின் பட்டியலும் அவர்களுடைய மாதிரியில் இருப்பவை. நிழல் மரத்தையும் பின்னர் சேர்த்து விரித்தார்கள். அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகுந்த மரியாதையைத் தருகிறது. உலாவிகளுக்காக எழுதப்பட்ட பொதுச் சோதனைத் தொகுப்பிலிருந்து பொருத்தமானவற்றை எடுத்து, தங்கள் கணித மாதிரியின் மேலேயே அவற்றை இயக்கிப் பார்த்தார்கள். மாதிரி தவறாக இருந்தால், அதன் மேல் எழுப்பிய தேற்றம் உண்மையாக இருந்தும் பயனற்றுப் போகும். ஆகவே நிரூபணத்துக்கும் சோதனை தேவைப்படுகிறது.

தேற்றம் எதைச் சொல்லவில்லை என்பதிலும் அதே கவனம் வேண்டும். ஆவண மரம் ஒழுங்காக இருப்பதால், அது எச்டிஎம்எல் இலக்கணத்துக்கு உட்பட்டது என்று ஆகாது. பத்திக்குள் பெட்டியை எழுதி அனுப்பினால், அதைப் படிக்கும் உலாவி பத்தியை அங்கேயே முடித்துவிடும். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஒரு பத்திக்குள் பெட்டியைச் செருக டாம் அனுமதிக்கிறது. அந்த மரத்தை எழுத்தாக மாற்றி மறுபடியும் படித்தால் வேறொரு மரம் கிடைக்கும். பாதுகாப்புக்காகப் பயனரின் எழுத்தை வடிகட்டும் நிரல்கள் சில ஏமாந்துபோனதற்கு இந்த வேறுபாடே காரணம்.

நேரத்தைப் பற்றிய நுட்பம் ஒன்றும் உண்டு. நம் வாதத்தில் சோதனைக்கும் செருகலுக்கும் இடையே வேறெதுவும் நடப்பதில்லை என்று மறைமுகமாக ஏற்றுக்கொண்டோம். 2000-இல் வந்த இரண்டாம் நிலைத் தரநிலை, மரம் மாறும் அதே கணத்தில் பக்கத்தின் நிரலை அழைக்கும் நிகழ்வுகளை வரையறுத்திருந்தது. கணுவை நீக்கும்போது அழைக்கப்படும் அந்த நிரல், மரத்தை வேறு விதமாக மாற்றிவிட்டுத் திரும்பி வரலாம். அப்போது முன்பு செய்த சோதனைக்கு மதிப்பில்லாமல் போகும். பின்னர் வந்த முறை, மாற்றங்களைக் குறித்துவைத்துக்கொண்டு வேலை முடிந்த பின்பே நிரலுக்குத் தெரிவிக்கிறது. மாறாப்பண்பு கட்டளையின் நடுவில் சற்றே முறியலாம். அந்த நடுப்பொழுதில் வேறு யாரும் உள்ளே வரக்கூடாது.

கடைசியாக, நிரூபிக்கப்பட்டது தரநிலையின் மாதிரி. நாம் அன்றாடம் பயன்படுத்தும் உலாவிகள் பெரும்பாலும் சி++ மொழியில் எழுதப்பட்ட, பல லட்சம் வரிகள் கொண்ட நிரல்கள். மாதிரியில் ஒரு கணுவை நீக்கினால் அது பட்டியலிலிருந்து போகும், அவ்வளவுதான். உலாவியில் அதற்குரிய நினைவிடத்தை விடுவிக்கவும் வேண்டும். விடுவித்த இடத்தை வேறொரு சுட்டி இன்னும் காட்டிக்கொண்டிருந்தால், அங்கேதான் தாக்குபவர் நுழைகிறார். இந்த இடைவெளியை வேறு திசையிலிருந்து அணுகிய முயற்சி 2012-இல் வெளியான குவார்க் என்ற ஆய்வு உலாவி. அதை உருவாக்கியவர்கள் வலைப்பக்கத்தைக் கையாளும் பெரிய பகுதியைச் சரிபார்க்க முற்படவே இல்லை. அதை நம்பத்தகாததாகவே கருதி, கணினியில் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக இயங்கும் செயல்முறைகளுக்குள் அடைத்துவிட்டு, வலையமைப்பையும் கோப்புகளையும் தொடும் ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துசெல்ல வேண்டிய சிறிய கருவை மட்டும் காக் என்ற நிரூபண மென்பொருளில் எழுதிச் சரிபார்த்தார்கள். உள்ளே மரம் முறிந்து, தாக்குபவர் அந்தச் செயல்முறையையே கைப்பற்றிவிட்டாலும், ஒரு பக்கத்தின் குக்கி (பயனரை அடையாளம் காண வலைத்தளம் உலாவியில் விட்டுவைக்கும் சிறு தரவு) இன்னொரு பக்கத்துக்குப் போகாது என்பது அவர்கள் தந்த தேற்றங்களில் ஒன்று. மரத்தின் ஒழுங்கைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. மரத்தின் தேற்றமோ குக்கியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.